‘திருந்தா மொழிகள்’: கால்டுவெல்லின் பாகுபாடும் நம் சபைகளும்

பேராயர் இராபர்ட் கால்டுவெல் இயற்றிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856ஆம் ஆண்டில் முதன்முறை வெளிவந்தது. ஆசிரியரே திருத்தி விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875இல் வந்தது. இடையன்குடியில் நெடுங்காலம் அருட்பணியாற்றிய ஒருவரின் கையிலிருந்து இத்தகைய பெருநூல் பிறந்ததைக் குறித்து நம் திருச்சபை பெருமை கொள்வது இயல்பே. தென்னாட்டு மொழிகள் வடமொழியின் கிளைகளல்ல என்பதை எல்லிசு 1816இலேயே குறிப்பிட்டிருந்தார். அதனை ஐயத்திற்கிடமின்றி விரிவாக நிறுவியவர் கால்டுவெல். இந்நன்றிக்கடனை மறவாமலே, அந்நூலின் ஒரு பகுதியைக் குறை கூற வேண்டியவர்களாயிருக்கிறோம். அப்பகுதி நூலளவில் நின்றிருப்பின் வாளா விட்டுவிடலாம். அது பள்ளிக்கூடத்திலும் ஆலயத்திலும் இன்றும் செயற்படுகிறது என்பதே நம் கவலை.

1. பாகுபாடும் அதன் தளர்ச்சியும்

கால்டுவெல் தம் இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டு மொழிகளை எடுத்துக்கொண்டு அவற்றை இரு கூறாக்கினார். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு என்னும் ஆறும் திருந்திய மொழிகள். தோடரின் மொழி, கோத்தரின் மொழி, கோண்டு, கோந்தரின் கூயி, ஒராவோன் மக்களின் குடுக், இராசமகால் மலையினரின் மால்தோ என்னும் ஆறும் திருந்தா மொழிகள். பின்வந்த ஆசிரியர் பலர் இப்பட்டியலை அப்படியே எடுத்தாண்டனர். தமிழ் மாணாக்கர் தலைமுறை தலைமுறையாக அதனை மனப்பாடம் செய்து தேர்வெழுதினர்.

எந்த அளவுகோல் கொண்டு இப்பிரிவு செய்யப்பட்டது? எழுத்தும் ஏட்டிலக்கியமும் உடைமையே அளவுகோல் எனில், துளு ‘திருந்திய’ வரிசையில் நிற்கலாகாது. துளுவிற்குச் சொல்லத்தக்க ஏட்டிலக்கியம் இல்லை என்பதைக் கால்டுவெல்லே ஒப்புகிறார். ஒப்பியபின், அது திராவிடக் குடும்பத்தில் மிக உயர்ந்த வளர்ச்சியுற்ற மொழிகளுள் ஒன்று எனப் புகழவும் செய்கிறார். இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்? மங்களூரில் பாசல் மிஷன் ஊழியர் துளுவைக் கற்று, கன்னட எழுத்தில் அச்சிட்டு, வேதாகமப் பகுதிகளை அம்மொழியில் வெளியிட்டிருந்தனர். எனவே துளுவைப் பற்றி அறிதற்கு நூல்கள் இருந்தன. அதன் அருமையும் புலப்பட்டது. தோடரின் மொழியைப் பற்றியோ மிகச் சில குறிப்புகளே அன்று கிடைத்தன. அதன் இலக்கணச் சுருக்கத்தை ஜி. யூ. போப் ஐயர் வெளியிட்டதே 1873இல்தான்.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. ‘திருந்தாமை’ என்பது அம்மொழிகளின் இயல்பன்று. அவற்றைக் கற்கவும் எழுதவும் அச்சிடவும் எவரும் முன்வராமையின் பெயரே அது. நிலம் உழப்படவில்லை என்றால், குற்றம் நிலத்தினுடையதா, உழாதவனுடையதா?

கால்டுவெல்லின் தீர்ப்பைக் காலமும் மறுத்தது. மொழியியல் அறிஞர் எமனோ 1930களில் நீலகிரியில் தங்கித் தோடரிடமும் கோத்தரிடமும் அவர்தம் மொழிகளைப் பயின்றார். கோத்தரின் கதைகளை 1940களில் பல பகுதிகளாக வெளியிட்டார். 1971இல் அவர் வெளியிட்ட தோடர் பாடல்களின் தொகுப்பு ஆயிரம் பக்கத்தை எட்டும் பெருநூலாகும். இணையிணையாக அடுக்கப்படும் தொடர்களும், இடத்திற்கும் எருமைக்கும் மனிதர்க்கும் உரிய மரபுப் பெயர்களும் கொண்டு தோடர் பாட்டுக் கட்டுகின்றனர் என்பதை அந்நூல் காட்டிற்று. எபிரெயச் சங்கீதங்களின் இணைநிலை அடிகளைப் பயிலும் இறையியல் மாணாக்கர்க்கு இச்செய்தி வியப்பளிக்கும். ‘திருந்தா மொழி’ என்று நாம் படித்த மொழியில் நம் நாட்டிலேயே இத்தகைய பாடல் மரபு வழங்கிற்று, நாம் கேளாதிருந்தோம்.

2. அரசின் கணக்கும் பள்ளியின் பழக்கமும்

நூலில் இட்ட கோடு நாளடைவில் நிருவாகத்தின் கோடாயிற்று. 1961ஆம் ஆண்டு மக்கட்கணக்கு 1,652 தாய்மொழிப் பெயர்களைப் பதிவு செய்தது. 1971 முதல், பதினாயிரம் பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகள் வெளியிடப்படும் அட்டவணையில் தனியே இடம்பெறுவதில்லை. தோடரும் கோத்தரும் இதனால் எண்ணிக்கையிலிருந்தே மறைந்தனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் ஒன்றேகால் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் படுகமொழி கன்னடத்தின் கீழும், இருளர் மொழி தமிழின் கீழும் அடக்கப்பட்டன. ஒராவோன் மக்களின் குடுக் மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 20 இலட்சம். கூயி பேசுவோர் 9 இலட்சத்துக்கு மேல். இவ்விரண்டிற்கும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடமில்லை. தாய்மொழியாகக் குறித்தோர் 25 ஆயிரத்தை எட்டாத வடமொழிக்கு அங்கு இடமுண்டு. வடமொழிக்கு இடம் தந்ததைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எண்ணிக்கை அளவுகோலன்று, ஏடே அளவுகோல் என்பதை இது காட்டுகிறது.

தமிழ்நாட்டார் ஆதிக்க மொழியின் பாரத்தை அறியாதவரல்லர். 1937 முதல் 1940 வரையும், மீண்டும் 1965இலும், இந்தி கட்டாயமாக்கப்படுவதை எதிர்த்து நம் மக்கள் போராடினர், உயிர்களும் பலியாயின. 1968 சனவரியில் சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் என்னும் இருமொழிக் கொள்கையை ஏற்றது. அப்போராட்டத்தின் நியாயம் என்ன? ஒரு குழந்தையின் மனம் விழித்தெழும் மொழியைப் பிறர் வசதிக்காக ஒதுக்கலாகாது என்பதே. அந்த நியாயம் ஆனைமலைக் காட்டிலும் கோத்தகிரிச் சரிவிலும் வாழும் குழந்தைக்குப் பொருந்தாதா? 1956இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350 அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. ஆயினும் நம் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பாடமொழி தமிழே. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தை எதிர்த்துத் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் சிறுபான்மையினர் நீதிமன்றம் செல்ல முடிந்தது. அவர்கட்குப் பள்ளிகளும் சங்கங்களும் உண்டு. இருளருக்கும் காடருக்கும் யார் உண்டு? தோடர், கோத்தர், சோளகர் முதலானோரின் மொழிவளத்தை ஆவணப்படுத்தத் தமிழக அரசு 2024ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் முன்வந்தது பாராட்டத்தக்கது. ஆவணக் காப்பகத்தில் சேர்ந்த மொழி வகுப்பறையிலும் நுழைய வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

ஒரு தடை எழுப்பப்படலாம். பழங்குடிக் குழந்தை முன்னேறத் தமிழ் வேண்டுமன்றோ? வேண்டும்; ஐயமில்லை. ஆனால் தமிழ் பயிலுதற்குத் தாய்மொழியை இழத்தல் விலையாக வேண்டுவதில்லை. ஒடிசா மாநிலம் 2006-07இல் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கிற்று. குழந்தை தன் மொழியில் எழுத்தறிவு பெற்றுப் படிப்படியாக ஒடியாவிற்கும் ஆங்கிலத்திற்கும் செல்வதே அத்திட்டத்தின் முறை. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லும் இம்முறையை ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் எவரும் அறிவர்.

3. சோமனூரில் வந்து நிற்கும் வினா

இவை மலைக்கும் வடநாட்டிற்கும் உரியவை. நமக்கென்ன என்று சமவெளியின் ஊழியர் கருதலாம். சோமனூரைப் பார்ப்போம். கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் இடையே விசைத்தறியின் ஒலி ஓயாத ஊர் இது. இங்கு ஒருமொழி வாழ்வு என்றும் இருந்ததில்லை. கன்னடத்தை வீட்டுமொழியாகக் கொண்ட தேவாங்கரும், தெலுங்கு பேசும் குடும்பத்தாரும் தமிழரோடு தலைமுறைகளாகக் கொங்குநாட்டில் வாழ்கின்றனர். கன்னடம் பேசுவோர் தறியில் தமிழரின் வேட்டி நெய்யப்பட்டது. எவர் தமிழும் அதனால் குன்றவில்லை.

இன்று இப்பகுதியின் நூற்பாலைகளிலும் தறிக்கூடங்களிலும், திருப்பூர்ப் பனியன் தொழிற்சாலைகளிலும் ஒடிசா, ஜார்க்கண்டு, பீகார் மாநிலத்தார் திரளாக உழைக்கின்றனர். அனைவரையும் ‘இந்திக்காரர்’ என்னும் ஒரே சொல்லால் அழைப்பது நம் வழக்கமாகிவிட்டது. அவர்களுள் சந்தாளி பேசுவோர் உண்டு. கூயி பேசுவோர் உண்டு. குடுக் பேசுவோர் உண்டு. கால்டுவெல்லின் ‘திருந்தா’ வரிசையில் நின்ற மொழிகளே நம் தெருவிற்கு வந்துள்ளன. குடுக் மொழியில் தன்மைப் பெயர் ‘ஏன்’; முன்னிலைப் பெயர் ‘நீன்’; பல்லுக்குப் ‘பல்’ என்பதே பெயர். ஒப்பிலக்கணம் உறவினர் என்று மெய்ப்பித்தவரை நாம் இந்திக்காரர் என்று அந்நியராக்குகிறோம். இந்தியின் ஆதிக்கத்தை எதிர்த்த நாமே, இந்தியால் மறைக்கப்படும் மொழியினரை இந்தியின் கணக்கில் எழுதுவது முரண்பாடன்றோ?

நம் சபைகள் சில, இத்தொழிலாளருக்கென இந்தி ஆராதனை நடத்துகின்றன. அன்பினால் செய்யப்படும் இவ்வூழியத்தை இகழோம். பலருக்கு அது நன்மையே. ஆனால் ஒராவோன் மக்களிடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் திருச்சபை உண்டு; கந்தமாலின் கூயி மக்களிடையே உண்டு. அவர்கள் பாடல்களும் செபங்களும் உடையவராய் வருகின்றனர். விபத்தில் கையிழந்தவனும், ஊரில் தாய் இறந்த செய்தி கேட்டவளும் கடைத்தெருவில் கற்ற மொழியிலா கதறுவர்? மருத்துவமனையில் நோயைச் சொல்லவும், கூலி குறைந்ததை முறையிடவும், பாவத்தை அறிக்கையிடவும் மொழியின்றி நிற்பவன், ஆலயத்திலாவது வாய் திறக்க வேண்டாமா?

4. லீஸ்திராவின் பாடம்

அப்போஸ்தலர் நடபடிகள் 14ஆம் அதிகாரம் இவ்விடத்தில் நமக்கு எச்சரிப்பாக நிற்கிறது. லீஸ்திராவில் சப்பாணி எழுந்து நடந்தபோது, மக்கள் வியந்து லிக்கவோனியா பாஷையில் ஆர்ப்பரித்தனர் என்று லூக்கா குறிக்கிறார். பவுலும் பர்னபாவும் உடனே மறுக்கவில்லை. எருதுகளும் மாலைகளும் வந்து சேர்ந்த பின்னரே, தங்களைத் தெய்வங்களாகக் கருதிவிட்டனர் என்றுணர்ந்து வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு ஓடுகின்றனர். அவர்கள் அம்மொழியை அறியவில்லை என்று லூக்கா வெளிப்படையாய்ச் சொல்லவில்லை. நிகழ்ச்சிகளின் வரிசை அதைச் சொல்கிறது. கிரேக்கம் எங்கும் செல்லும் என்றெண்ணிச் சென்ற ஊழியர், அவ்வூர் மக்கள் தங்களைக் குறித்து முடிவு செய்ததைப் புரிந்துகொள்ள இயலாது நின்றனர். அப்போஸ்தலருக்கே இஃது நேர்ந்தது. நம் பிரசங்கத்தைக் கேட்டுத் தலையசைக்கும் இருளரும் குடுக்கரும் தமக்குள் தம் மொழியில் என்ன முடிவு செய்கின்றனர் என்று நாம் எப்போதேனும் கேட்டதுண்டா?

லூக்கா அம்மொழியின் பெயரை எழுதினார். அதன் சொல் ஒன்றையும் எழுதிவைக்கவில்லை. லிக்கவோனியா மொழி பின்னர் அழிந்தொழிந்தது. மாற்கோ, கிரேக்கத்தில் எழுதியும், தலீத்தா கூமி, எப்பத்தா என்னும் சொற்களையும், சிலுவையின் கதறலையும் ஆண்டவர் பேசிய அரமேய மொழியிலேயே காத்துத் தந்தார். இறந்த சிறுமியை எழுப்பும்போதும், செவிடனைத் தொடும்போதும், மரண வேதனையிலும் வீட்டுமொழியே வெளிப்பட்டது. பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்தோரில் பெரும்பாலோர்க்குக் கிரேக்கமோ அரமேயமோ விளங்கியிருக்கும். ஒருமொழிப் பிரசங்கமே போதியிருக்கும். ஆவியானவர் போதும் என்பதோடு நிற்கவில்லை.

5. நம் முன்னுள்ள கடமை

திருச்சபை இத்துறையில் பிறருக்குப் போதிக்குமுன் தன் வரலாற்றைப் படிக்க வேண்டும். கனடாவில் அரசின் பணத்தில் திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில், பூர்வகுடிக் குழந்தைகள் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். அங்குள்ள ஐக்கிய திருச்சபை 1986இலும் 1998இலும், ஆங்கிலிக்கன் திருச்சபை 1993இலும் மன்னிப்புக் கேட்டன. மன்னிப்பினால் குழந்தைகளின் வாயில் மொழி மீளவில்லை. மலைவாழ் மக்கட்கு விடுதியும் பள்ளியும் நடத்தும் நம் பேராயங்கள் இதனைத் தம் காரியமாகக் கருதிப் படிப்பது நலம்.

கூட்டுத் தீர்மானங்களுக்குக் காத்திராமல் ஒவ்வொரு போதகரும் செய்யத்தக்கன சில உண்டு. தம் எல்லைக்குள் பேசப்படும் மொழிகளின் பெயர்களைப் பேசுவோரிடமே கேட்டுச் சபைப் பதிவேட்டில் எழுதலாம். மாதம் ஒரு முறையேனும் வேதபாடம் ஒன்றை அவர்கள் மொழியில் அவர்களே வாசிக்கச் செய்யலாம். ஒரு பாடலை அவர்கள் பாட, சபையார் கற்கலாம். விடுதிகளில் குழந்தைகள் தம் மொழியில் பேசுவதைத் தடுக்கும் விதி எழுதப்பட்டோ எழுதப்படாமலோ இருப்பின் நீக்கலாம். இறையியற் கல்லூரிகளோ எபிரெயமும் கிரேக்கமும் கற்பிப்பதோடு, தமிழ்நாட்டுப் பழங்குடி மொழி ஒன்றையும் விருப்பப் பாடமாக வைக்கலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வினைச்சொற்களை விகாரப்படுத்தப் பயிலும் மாணாக்கன், தன் எதிர்காலச் சபையார் பேசும் மொழியில் நலம் விசாரிக்கவேனும் பயில வேண்டாமா?

கால்டுவெல் தமிழுக்கு ஆற்றிய தொண்டு, ஒரு மொழியைப் பிறமொழியின் நிழலிலிருந்து விடுவித்ததே. அத்தொண்டைப் போற்றுவோர், அதனை அவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்வர். அவர் வரைந்த பட்டியலின் கீழ்ப்பாதி இன்னும் ஊழியருக்குக் காத்திருக்கிறது.