மணியைச் சுரண்டிய கை: ‘தி சைலண்ட் வேர்ல்ட்’ படமும் நம்முடைய டைவிங் பயணங்களும்

மூன்றாவது தடவையாக ‘தி சைலண்ட் வேர்ல்ட்’ பார்த்து முடித்தேன். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நீச்சலே சரியாகத் தெரியாது. இரண்டாவது தடவை செங்கடலில், ஒரு டைவிங் படகின் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் படத்தில் வரும் மூழ்கிய கப்பலுக்கு அன்றைக்குக் காலையில்தான் போய்விட்டு வந்திருந்தோம். மூன்றாவது தடவை வீட்டில், கையில் நோட்டும் பேனாவுமாக. அந்த இரண்டாவது தடவைக்கு அப்புறம் மனசில் ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. அதை எழுதித் தீர்த்துவிடலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1956-இல் வந்த பிரெஞ்சு ஆவணப்படம். ழாக் கூஸ்தோவும் லூயி மாலும் சேர்ந்து இயக்கியது. மாலுக்கு அப்போது 23 வயது. கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது; இன்னொரு ஆவணப்படத்துக்கு அந்த விருது கிடைக்க 2004 வரை ஆயிற்று. ஆஸ்கரும் வந்தது. முதுகில் காற்று உருளையை மாட்டிக்கொண்டு மனிதன் மீன் மாதிரி நீந்துவதை உலகத்தில் பெரும்பாலானவர்கள் வண்ணத்தில் பார்த்தது இந்தப் படத்தில்தான். இன்றைக்கு ஸ்கூபா என்று நாம் சொல்லும் கருவியின் முன்னோடியான அக்வாலங்கை கூஸ்தோவும் எமில் கான்யானும் 1943-இல் உருவாக்கினார்கள். கருவி வந்து 13 வருஷம் கழித்து வந்த படம், அந்தக் கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று உலகத்துக்கே ஆசை காட்டியது.

இந்தப் படத்தை இன்றைக்குத் திட்டுவது ரொம்ப சுலபம். ஒரு பவளத் திட்டில் என்னென்ன மீன்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க டைனமைட் வைக்கிறார்கள். செத்து மிதப்பதை எடுத்து அடுக்குகிறார்கள். நில ஆமைகளின் முதுகில் ஏறி உட்காருகிறார்கள். கப்பலின் விசிறியில் ஒரு திமிங்கலக் குட்டி அடிபடுகிறது. அதைத் தின்ன சுறாக்கள் வந்ததும் மாலுமிகளுக்குக் கோபம் வந்து, சுறாக்களைத் தூண்டிலில் இழுத்து மேல்தளத்தில் போட்டுக் கோடரியால் வெட்டுகிறார்கள். படத்தைப் பற்றி இணையத்தில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் இந்தக் காட்சிகளின் பட்டியல் இருக்கும். அதில் எனக்கு மறுப்பு இல்லை. கூஸ்தோவே பின்னாளில் வேறு ஆளாக மாறினார். 1960-இல் மத்தியதரைக் கடலில் அணுக்கழிவைக் கொட்டுவதை எதிர்த்தார், 1973-இல் கடல் பாதுகாப்புக்கென்று ஓர் அமைப்பே தொடங்கினார்.

என்னுடைய விமர்சனம் யாருமே கோபப்படாத ஒரு காட்சியைப் பற்றியது.

படகில் படம் ஓடியபோது நாங்கள் இருபது பேருக்கு மேல் இருந்தோம். டைனமைட் காட்சிக்கு “ஐயோ” என்றார்கள். சுறாவை வெட்டும்போது இரண்டு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். மூழ்கிய கப்பல் திரையில் வந்ததும் கூடமே கைதட்டியது. “நம்ம கப்பல்!” முக்குளிப்பவர் ஒருவர் பாசியும் சிப்பியும் ஏறிய மணியைக் கண்டுபிடித்து, மேலே படிந்ததைச் சுரண்டுகிறார். எழுத்துகள் தெரிகின்றன: திஸில்கார்ம். மறுபடி கைதட்டல். நானும் தட்டினேன்.

அந்தக் கப்பலின் கதை இது. இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் கட்டி 1940-இல் நீரில் இறக்கிய சரக்குக் கப்பல். 1941 ஜூனில் கிளாஸ்கோவிலிருந்து கிளம்பி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, வட ஆப்பிரிக்காவில் சண்டையிட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் படைக்கு லாரி, மோட்டார் சைக்கிள், துப்பாக்கி, வெடிகுண்டு, ரப்பர் பூட்ஸ், இரண்டு ரயில் என்ஜின் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்தது. சூயஸ் கால்வாய் வழியில் போக முடியாததால் சினாய்க்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தது. 1941 அக்டோபர் 6, நடுராத்திரி தாண்டிய நேரம். கிரீட்டிலிருந்து வந்த ஜெர்மன் ஹைன்கெல் விமானம் குண்டு போட்டது. குண்டு விழுந்தது பின்பக்கம், வெடிமருந்து இருந்த கிடங்கில். ரயில் என்ஜின்கள் தூக்கி வீசப்பட்டுக் கடல்தரையில் போய் விழுந்தன. 9 பேர் இறந்தார்கள்: கப்பல் ஊழியர்கள் 4 பேர், பீரங்கி இயக்க வந்த கடற்படையினர் 5 பேர். ஆங்கஸ் மெக்லே என்கிற ஊழியர், காயம்பட்டுக் கிடந்த ஒருவரைக் காப்பாற்ற எரிகிற தளத்தில் திரும்ப ஓடினார். அதற்காக ஜார்ஜ் பதக்கம் பெற்றார்.

14 வருஷம் கழித்து அங்கே கூஸ்தோ போகிறார். அவருடைய ஆட்கள் மணியையும், கப்பல் தலைவரின் இரும்புப் பெட்டியையும், ஒரு மோட்டார் சைக்கிளையும் மேலே எடுத்தார்கள். 14 வருஷம் என்பது கொஞ்சம் யோசிக்க வேண்டிய கணக்கு. இறந்தவர்களின் பிள்ளைகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் படத்தின் அந்தக் காட்சியில் கேமரா ஒரு பழங்கால மாளிகைக்குள் நுழைவதுபோல நுழைகிறது. என் மனசில் தங்கியது பித்தளை, பாசி, இருட்டு, மீன். ஆட்கள் தங்கவில்லை. நேற்று நடந்த ஒரு சாவை நூறு வருஷப் புதையலாகக் காட்டிவிடுகிறது அந்த ஒளியமைப்பு. இதுதான் படத்தின் மிகப் பெரிய சாமர்த்தியம். என் பார்வையில் அதன் மிகப் பெரிய குற்றமும் இதுதான். டைனமைட் வைக்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட்டோம். இந்தப் பார்வையை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இப்போது என் பயணத்துக்கு வருகிறேன். கப்பலின் இடம் கூஸ்தோவுக்கு அப்புறம் மறந்துபோய், 1990-களின் ஆரம்பத்தில் பொழுதுபோக்கு முக்குளிப்பாளர்கள் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு உலகத்தில் அதிகம் பேர் இறங்கும் கப்பல்களில் அது ஒன்று. நாங்கள் போன அன்றைக்குக் காலையில் சுற்றிலும் பல படகுகள். இறங்குவதற்கு முன்னால் கைடு வெள்ளைப் பலகையில் கப்பலின் படம் வரைந்து விளக்கினார். முதலில் மோட்டார் சைக்கிள், அப்புறம் லாரிகள், அப்புறம் பூட்ஸ், காற்று மிச்சம் இருந்தால் ரயில் என்ஜின். ஓட்டலில் சர்வர் ஐட்டம் சொல்வது மாதிரி. இறந்தவர்களைப் பற்றி ஒரு வாக்கியம் வந்தது. அதுவும் கடைசியில்.

கைடை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குழுவாக முக்குளிப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கப்பல் கிடப்பது சுமார் 30 மீட்டரில். அங்கே அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு. அதனால் உருளையிலுள்ள காற்றும் நான்கு மடங்கு வேகத்தில் தீரும். அந்த ஆழத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் இருந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, வழியில் நின்று நின்று ஏற வேண்டியிருக்கும். குழுவில் யாருக்குக் காற்று சீக்கிரம் தீருகிறதோ அவர்தான் எல்லாருக்கும் கடிகாரம். ஆக இருபது நிமிஷத்தில் எட்டுப் பேருக்குக் காசுக்கேற்ற திருப்தி தர வேண்டும் என்றால் பட்டியல் போட்டுத்தான் காட்ட முடியும். புரிகிறது. ஆனால் பட்டியலில் எதைச் சேர்ப்பது, எப்படிச் சொல்வது என்பதை எந்த அழுத்தமும் தீர்மானிப்பதில்லை. அதை நாம்தான் தீர்மானிக்கிறோம்.

கிடங்குக்குள் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். பார்த்ததும் மூச்சு நின்றது என்று எழுதலாம், ஆனால் ஸ்கூபாவில் மூச்சை நிறுத்தக் கூடாது! பின்னால் வந்தவர் என்னைப் படம் எடுக்கிறேன் என்று சைகை காட்டினார். நான் ஒரு வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான், இரண்டு விநாடி. சாயங்காலம் வீடியோவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, என் கையுறைக்கு அடியிலிருந்து செம்பழுப்பாக ஒரு செதில் பிரிந்து மெல்லக் கீழே போகிறது. எண்பது வருஷம் கடலுக்கடியில் தாக்குப்பிடித்த இரும்பு.

அன்று ராத்திரி படம் முடிந்ததும் உடன் வந்த ஒருவர் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒரு பூட்ஸின் அடிப்பாகத்து ரப்பர் துண்டு. “கீழே ஆயிரம் கிடக்குது, ஒண்ணு போனா என்ன?” சிலர் சிரித்தார்கள். எனக்குச் சொல்ல வார்த்தை இருந்தது. சொல்லவில்லை. என் கையிலும் துரு இருந்ததே. தவிர, ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் மணியைச் சுரண்டிய காட்சிக்கு நானும் கைதட்டியிருந்தேன்.

மறுநாள் ராஸ் முகமது போனோம். 1983-இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே அதே இருபது பேர், ஆனால் வேறு மனுஷர்கள். யாரும் பவளத்தைத் தொடவில்லை. ஒருவருடைய ஃபின் ஒரு கிளைப் பவளத்தில் லேசாகப் பட்டதற்கு, படகில் ஏறியதும் அதே ரப்பர் துண்டு ஆசாமி அவரைக் கடிந்துகொண்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யோசித்தால் காரணம் பிடிபடுகிறது. பவளம் உயிர் என்று நமக்குப் பல வருஷமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 1998, 2016 வெளிறல்களைப் பற்றிப் படித்திருக்கிறோம். கப்பலை ஜடப்பொருள் என்று நினைக்கிறோம். உண்மையில் கணக்கு தலைகீழ். உடைந்த பவளம், கடல் அனுமதித்தால், பல வருஷத்தில் மறுபடி வளரலாம். இரும்பு வளராது. அதற்கு ஒரே திசைதான். நாம் விடும் காற்றுக் குமிழிகள் கப்பலின் கூரைக்கடியில் தேங்கித் துருவை இன்னும் வேகப்படுத்தும். படகுகளின் கயிற்றைக் கப்பலின் உறுப்புகளிலேயே கட்டிவந்ததால் அவை பிய்ந்து வந்தன. தனியாகக் கட்டுமிடங்கள் அமைக்க 2007-இல் ஒரு முயற்சி நடந்தது. நிலைக்கவில்லை.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். நீருக்கடியில் உள்ள பண்பாட்டுச் செல்வங்களுக்கான யுனெஸ்கோவின் 2001 ஒப்பந்தம், குறைந்தது 100 வருஷம் நீருக்குள் இருந்தவற்றைத்தான் கணக்கில் எடுக்கும். திஸில்கார்முக்கு அந்தத் தகுதி வர 2041 ஆக வேண்டும். அதுவரைக்கும் மிச்சம் இருக்க வேண்டுமே!

நம் பக்கத்துக் கடலில் இதற்கு நேரெதிரான ஒரு உதாரணம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் தாக்கி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மிஸ் என்கிற விமானந்தாங்கிக் கப்பல். 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அது கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர் என்பதால், தனிப் பயிற்சி பெற்றவர்களே அங்கே போகிறார்கள். இதுவரை அதைக் காப்பாற்றியது பெரும்பாலும் அந்த ஆழம்தான், நம்முடைய மரியாதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 30 மீட்டரில் கிடந்திருந்தால் அங்கேயும் வெள்ளைப் பலகையில் ஐட்டம் எழுதியிருப்போம்.

குழுப் பயணமே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தனியாளாக எனக்கு அந்தக் கப்பலைப் பார்க்கும் வசதியே வந்திருக்காது. திஸில்கார்மின் ஒவ்வொரு பாகத்தையும் ஆயிரக்கணக்கான படங்களால் அளந்து முப்பரிமாண வரைபடம் ஆக்கியவர்களும் முக்குளிப்பாளர்கள்தான். அதே கடல், அதே கருவி. ஆனால் அவர்கள் எதையும் மேலே கொண்டுவரவில்லை.

படத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லியாக வேண்டும். மூன்றாவது தடவை பார்த்தபோது ஒன்று உறைத்தது. அது தான் செய்ததை மறைக்கவில்லை. டைனமைட்டைக் காட்டுகிறது, கோடரியைக் காட்டுகிறது, சுரண்டும் கையையும் காட்டுகிறது. அதனால்தான் எழுபது வருஷம் கழித்தும் நம்மால் அதோடு சண்டை போட முடிகிறது. எங்கள் பயணத்து வீடியோக்களில் என்ன இருக்கிறது? மற்ற படகுகள் கிடையாது. முன்னும் பின்னும் முட்டிக்கொண்ட ஃபின்கள் கிடையாது. பாட்டு சேர்த்து, நீலத்தைக் கூட்டி, நாமே முதன்முதலாகக் கண்டுபிடித்த மாதிரி வெட்டி ஒட்டியிருக்கிறோம். என் வீடியோவிலும் அந்தச் செதில் விழும் இடத்துக்கு ஒரு விநாடி முன்னால் வெட்டியிருந்தேன். கூஸ்தோவைவிட நான் யோக்கியன் என்று எந்த வாயால் சொல்வது?

அந்த ஒரு விநாடியைத் திரும்பச் சேர்த்து, கூட வந்த எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறேன். கீழே 9 பேர் இறந்த கதையையும் நாலு வரியில் எழுதியிருக்கிறேன். அடுத்த தடவை எந்தக் கப்பலுக்குப் போனாலும், மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் அந்த ராத்திரியைச் சொல்லுங்கள் என்று கைடிடம் கேட்பதாக முடிவு. ரப்பர் துண்டுக்காரரிடமிருந்து மட்டும் இன்னும் பதில் வரவில்லை.