மேடையுடையும் மாதர் உரிமையும்

நாடகத்தை ஆராய்வோர் பாட்டையும் உரையாடலையும் விரிவாக எடைபோடுவர். உடையைப் பற்றி ஓரிரு வரிகளுடன் அமைவர். இது பெருங்குறை என்பது நம் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்டிரின் நிலையை அவர்கள் அணிந்தவற்றைக் கொண்டும், அணியத் தடுக்கப்பெற்றவற்றைக் கொண்டும் தெளிவாக அறியலாம்.

1891-ஆம் ஆண்டு தமிழ் நாடகத்துக்குச் சிறப்புடையது. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அச்சேறியதும், பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயாம். கற்றோர் மேடையேறினர், ஆயினும் அவர்தம் வீட்டு மகளிர் ஏறினாரல்லர். முதலியாருக்கு இணையாக நெடுங்காலம் தலைவி வேடம் புனைந்தவர் ரங்கவடிவேலு என்னும் ஆடவரே. கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே நாடகக்குழு நடத்தியது அரிய விதிவிலக்கு.

பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால் வெல்வெட்டும் சரிகையும் மேடையை நிறைத்தன. மேனாட்டுச் சட்டையை ஒட்டிய ரவிக்கை நகரத்துக் கற்ற குடும்பங்களிற் பரவியதும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஆனால் அதே நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரில் நாடார் மகளிர் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடினர். 1859-இல் அரசு அறிக்கை அதற்கு இசைந்தது. இசைந்தபோதும், உயர்சாதிப் பெண்டிரைப் போல் உடுத்தலாகாது என்று வரம்பிட்டது. ஆடவன் மேடையில் அரசியாய் உடுத்தலாம்; ஒரு பெண் வீதியில் தான் விரும்பியவாறு உடுத்தலாகாது! இம்முரண்பாட்டைக் காணாத நாடக வரலாறு முழுமையான வரலாறாகாது.

நல்லேப்பிள்ளியை உள்ளிட்ட பாலக்காட்டு நாட்டுப்புறத்திற்குரிய பொறாட்டு நாடகம் வேறொரு சான்று தருகிறது. தமிழும் மலையாளமும் கலந்த அதன் பாட்டுகளில் வரும் மண்ணாத்தியும் குறத்தியும் செறுமியும் அரசியர் அல்லர், உழைத்துண்ணும் பெண்டிர். இங்கும் மரபாகப் பெண்வேடம் புனைவோர் ஆடவரே என்பதை மறைத்தற்கில்லை. எனினும் அரண்மனையை விடுத்து, துணி வெளுக்கும் துறையையும் வயலையும் ஆடுகளத்துக்குக் கொணர்ந்த பெருமை இக்கலைக்கு உண்டு. கற்றோர் மேடை மறந்த மகளிரை இது மறக்கவில்லை.

பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நாம் விழாதோறும் நம் சிறுமியர்க்குச் சரிகைப் பட்டுடுத்தி மேடையேற்றி மகிழ்கிறோம். மகிழ்வோமாக. அத்துடன், தோள்மேல் இடும் ஒரு முழத் துணிக்காகவும் பெண்கள் போராடினர் என்னும் வரலாற்றை அவர்களுக்குச் சொல்லித் தருதலும் நம் கடனாகும்.