துணையிசையும் தனியிசையும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் புத்திசை பெற்ற ஆதரவு

ஓர் இசை நிலைபெற மேடை வேண்டும்; அம்மேடையில் ஒலித்ததை ஆய்ந்து பதிந்து வைப்போரும் வேண்டும். 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கம் இசை விழாக்களோடு பண் ஆராய்ச்சி மாநாடுகளையும் நடத்தியமை இதனை உணர்ந்தே எனலாம். இவ்வளவுகோலைக் கொண்டு கோலாலம்பூர்க் கலை அமைப்புகளை நோக்க விழைகிறோம்.

பிரிக்பீல்ட்ஸில் இயங்கிவரும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981இல் தொடங்கப்பெற்றது. நாட்டியம், வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்கம், தபேலா எனப் பல கலைகளைப் பயிற்றுவிக்கும் இவ்வமைப்பின் நாட்டிய நாடகங்களுக்காகப் புதிய இசை பல ஆக்கப்பெற்றுள்ளது. உண்டவர் விரும்பியதைக் கொடுக்கலாம் என்னும் முறையில் எழுந்த அன்னலட்சுமி உணவகமும் இதனோடு சேர்ந்ததே. சோறும் கலையும் ஒரே கூரையின் கீழ் அமைந்தது நம் மரபுக்கு அந்நியமன்று. 1983இல் ராம்லி இப்ராஹிம் நிறுவிய சூத்ரா நடன அரங்கம், இந்திய நடனத்தை இன எல்லை கடந்து கொண்டுசென்றது. ஆயினும் இவ்விரு அமைப்புகளிலும் புத்திசை பெரும்பாலும் நாட்டியத்தின் கைப்பிடித்தே மேடையேறிற்று. ஆடலைப் பாராட்டி எழுதிய நாம், அதற்கு இசையமைத்தவர் பெயரைக் குறித்துவைத்தோமில்லை. இது அவ்வமைப்புகளின் குறையன்று, திறனாய்வாளர்தம் குறையே.

1998இல் திறக்கப்பெற்ற பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கும், 2010இல் தொடங்கிய கோலாலம்பூர்ச் சோதனைத் திரைப்பட, காணொளி விழாவும் வேறு திசையில் சென்றன. பின்னது காலப்போக்கில் உடனடிப் புனைவிசைக்கும் இடமளித்தது. இவற்றுள் தமிழ் ஒலிக்கு இடம் தேடுவோர் உறுமியை எண்ணிப்பார்த்தல் வேண்டும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பப்படும் அந்நீண்ட முனகலை ஒத்த ஒலிகளை இன்றைய ஒலிக்கலைஞர் முயன்று தேடுகின்றனர். கிள்ளான் இளைஞர்க்கோ அது தைப்பூசத்திலும் இறுதி ஊர்வலத்திலும் கேட்டு வளர்ந்த ஒலி. அவர்கள் தாமே கூடிக் குழு அமைத்து, தம் கைப்பொருளைக் கொண்டே கருவி வாங்குகின்றனர். நம்மவர் பலர் அதனை இரைச்சல் என ஒதுக்கினர். நாமும் முன்னர் அவ்வாறே கருதியதுண்டு.

யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ (2006) தமிழகம் வரை சென்று புகழ் பெற்றது. அதனை வளர்த்தது சந்தையே. எந்தச் சங்கமும் அன்று. உறுமிக்கு அத்தகைய சந்தையும் இல்லை. அதன் தாளக்கட்டுகள் கைப்பேசிப் பதிவுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. இசைத்தவர் யார், எந்த ஆண்டு, எந்த விழா என்னும் குறிப்புகளைப் பெரும்பாலானவற்றில் காணவியலாது. குழுக்களின் மூத்த கலைஞர்கள் இருக்கும்பொழுதே அவர்களிடம் கேட்டு எழுதுதல் ஓர் இளங்கலை மாணவரின் ஆய்வேட்டுக்குப் போதுமான பணியாகும். மேற்பார்வையிட நாம் இசைய வேண்டும், அவ்வளவே.