முழுமை, மருந்துச்சீட்டு, யானை: மனநலச் சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

'முழுமை' என்கிற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வருகிறது. ஊட்டி, குன்னூர்ப் பக்கம் ரிசார்ட்காரர்கள் 'ஹோலிஸ்டிக்' என்று போர்டு வைத்து யோகா, எண்ணெய்க் குளியல், மூச்சுப்பயிற்சி எல்லாவற்றையும் ஒரே கட்டாக விற்கிறார்கள். உடல், மனம், ஆன்மா அதில் உண்டு. நிலம், கூலி, கக்கூஸ் இல்லை. இவற்றை வெளியே தள்ளிவிட்டுக் கட்டமைக்கப்படும் முழுமை யாருடைய முழுமை?

கூடலூரை ஒட்டிய ஓவேலியில் என் சின்னம்மா இருக்கிறார். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேற்றப்பட்ட குடும்பம். வீடு நிற்பது 'செக்ஷன் 17' நிலத்தில். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மாட்டிக்கொண்டு தகராறிலேயே கிடக்கிற பூமி அது. பட்டா கிடையாது. இம்மாதிரி வீடுகள் பலவற்றுக்கு நெடுங்காலம் கரண்டும் கிடைக்கவில்லை. யானை மட்டும் தவறாமல் வரும். 2025 செப்டம்பரில் 'ராதாகிருஷ்ணன்' என்று பேர் வைத்து ஒரு யானையைப் பிடித்துப்போனார்கள். யானைக்கிருக்கிற பேர்கூடப் பத்திரிகைகளில் இந்த ஜனங்களுக்கு இருப்பதில்லை.

பக்கத்து வீட்டுக்காரரை யானை அடித்த பிறகு சின்னம்மாவுக்குத் தூக்கம் போயிற்று; பேச்சும் குறைந்தது. கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்திவிட்டார். மனநல டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனேன் (ஊர், பேர் வேண்டாம்). நாலு நிமிஷம். 'தைரியமா இருங்கம்மா' என்று சொல்லிச் சீட்டு எழுதினார். மூன்றாம் தடவை போனபோது நோட்டில் எழுதியது: மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. நானும் அதையே சொல்லி அவரைத் திட்டினேன்.

பிறகுதான் மனநலச் செவிலியம் படித்த ஒரு நர்ஸைப் பார்த்தோம். அவர் நோயைப் பற்றி ஆரம்பிக்கவில்லை. 'ராத்திரி வெளிக்கு எப்படிம்மா போறீங்க?' என்றார். சின்னம்மா கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் சொன்னார்: 'மாத்திரை போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வருது சிஸ்டர். ஆனை வந்தா யாரு எழுந்திரிக்கிறது? பேரப்புள்ள பக்கத்துல படுத்திருக்கான்.'

'ஒழுங்காகச் சாப்பிடாதவர்' என்று பதிவான உடல், வீட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. மருத்துவச் சொல்லாடலில் இந்த அறிவுக்கு இடமில்லை. அது குறையாக, ஒத்துழைக்காமையாக மட்டுமே பெயர்த்தெழுதப்படுகிறது. என் கோபமும் அந்தப் பெயர்ப்பின் பகுதிதான்.

ஆனால் விஷயத்தைக் கண்டுபிடித்த நர்ஸுக்குச் சீட்டை மாற்ற முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் செவிலியரை அங்கீகரிக்கிறது. மாநில ஆணையத்தில் பதிந்தால் மனநலத் தொழில்முறையாளர் என்கிறது. அதே சட்டத்தின் 106ஆம் பிரிவு, தன் துறை அனுமதிக்காத மருந்தைப் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மனநல நர்ஸ் பிராக்டிஷனர்கள் தாங்களே நோயறிந்து மருந்தெழுதி, உட்கார்ந்து பேசவும் செய்கிறார்கள். இங்கே கேட்பவர் ஒருத்தர், எழுதுபவர் இன்னொருத்தர். நோயாளி நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை என்று 18ஆம் பிரிவு சொல்வது தனிக் கதை. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர், நடுவட்டம் வளைவுகள் வழியாக.

அப்படியானால் நர்ஸ் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டால் போதுமா? தயக்கமாக இருக்கிறது. டாக்டர் நகரத்துக்கு, நர்ஸ் மலைக்கு என்று அரசு மலிவாகக் கணக்கை முடித்துவிடும் ஆபத்து உண்டு. பேனா வந்ததும் அவருக்கும் நாலு நிமிஷம்தான் மிஞ்சலாம். இந்த இடத்தில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நினைத்துக்கொள்கிறேன். 1990இல் தொடங்கிய அந்த இடத்தில் பணியர், முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர் வீட்டுப் பெண்களையே நர்ஸாகப் பயிற்றுவித்தார்கள். வெள்ளை உடுப்புக்குள் நோயாளியின் சொந்த பாஷை இருந்தது. அதிகாரம் கைமாறுவது என்பதற்கு நம்மிடம் இருக்கிற உருப்படியான உதாரணம் அது.

நம் சிறுபத்திரிகைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபூக்கோவை அரைகுறையாகப் படித்துவிட்டுப் பைத்தியத்தைக் கலகமென்று கொண்டாடினோம். 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்து செத்த 28 பேர் யாருக்கும் படிமமாக இருக்கவில்லை. சின்னம்மாவுக்கு மாத்திரை வேண்டியிருக்கிறது. நர்ஸ் அதை மறுக்கவேயில்லை. 'நிறுத்தாதீங்க, நேரத்தையும் அளவையும் டாக்டர்கிட்ட பேசறேன், யாராச்சும் முழிச்சிருக்க முடியுமான்னு பாருங்க' என்றார். நோட்டில் 'கக்கூஸ், விளக்கு' என்று குறித்துக்கொண்டார்.

சீட்டு மாறி வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை மாத்திரை போடுகிற ராத்திரிகளில் தம்பி டார்ச்சோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தான்.