சேப்பாக்கத்தில் எழுந்து நின்றவர்கள்

ஒரு பொய்யிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்னுடைய பொய்தான். 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தபோது, எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன் என்று ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முதல் வேலையில் பெங்களூரில் இருந்த காலத்தில் ஆரம்பித்தது. ஆபீஸில் வடக்கத்தி நண்பர்கள் சென்னை ரசிகர்களைப் பற்றி மரியாதையாகப் பேசுவார்கள். அந்த மரியாதையில் எனக்கும் ஒரு பங்கு வேண்டியிருந்தது. இருந்தேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். அப்புறம் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

உண்மை என்னவென்றால், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலேஜ் ஹாஸ்டல் டிவி ரூமில் பெஞ்ச் மேல் உட்கார்ந்திருந்தேன். ஜெயிக்க 271 வேண்டும். 82-க்கு 5 விக்கெட் போயிருந்த இடத்திலிருந்து சச்சினும் மோங்கியாவும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதுகு வலியோடு சச்சின் 136. இன்னும் 17 ரன்தான் பாக்கி என்ற இடத்தில் சக்லைனைத் தூக்கி அடித்து வாசிம் அக்ரம் கையில் கேட்ச். அந்த நொடியே நான் எழுந்து ரூமுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். எழுந்து நின்றது உண்மை. கைதட்டத்தான் இல்லை. சச்சினையும் சேர்த்துக் கடைசி 4 விக்கெட் 4 ரன்னில் போனது, 258-ல் ஆட்டம் முடிந்தது, பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடியது, கூட்டம் எழுந்து நின்றது எல்லாம் பிற்பாடு படித்தும் வீடியோவில் பார்த்தும் தெரிந்துகொண்டவை.

என் பொய்யை நான் கண்டுபிடித்தது குற்ற உணர்ச்சியால் இல்லை. அந்தக் கதையைப் பற்றிக் கொஞ்சம் குறிப்பெடுக்க உட்கார்ந்தபோது, அதை எப்படியெல்லாம் பயன்படுத்தியிருக்கிறோம் என்று வரிசையாகப் பார்த்தேன். அப்போதுதான் உறுத்தியது. இங்கே விமர்சிக்க வருவது அந்தக் கைதட்டலை இல்லை. அது நடந்தது, நன்றாகவே நடந்தது. அதிலிருந்து நாம் எழுதிக்கொண்ட நற்சான்றிதழைத்தான் சொல்கிறேன்: "சென்னை ரசிகர்கள் விவரமானவர்கள். விளையாட்டில் அரசியலைக் கலக்க மாட்டார்கள்."

முதல் பாதியை வேகமாகத் தாண்டிவிடலாம். விவரம் என்பது ஒரு ஊருக்கு ரத்தத்தில் வருவதில்லை. கொல்கத்தா ஈடன் கார்டனும் விவரமான கூட்டம் என்று பெயர் வாங்கிய இடம்தான். சேப்பாக்கம் முடிந்து மூன்று வாரத்தில், அதே பாகிஸ்தானோடு நடந்த ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் சச்சின் ஷோயப் அக்தரோடு மோதி ரன் அவுட் ஆனார். பாட்டில் பறந்தது. கடைசி நாள் போலீஸ் கூட்டத்தையே வெளியேற்றி, காலி கேலரிகளுக்கு முன்னால் ஆட்டத்தை முடித்தார்கள். கொல்கத்தாக்காரர்களுக்கு அந்த வாரம் கிரிக்கெட் மறந்துபோயிற்றா என்ன?

இரண்டாவது பாதிதான் விஷயம். அரசியல் கலக்கவில்லையாம். அந்தத் தொடரின் முதல் டெஸ்ட் சேப்பாக்கத்துக்கு வந்ததே அரசியலால்தான். முதலில் டெல்லியில் நடக்க வேண்டியது. ஜனவரி ஆரம்பத்தில் சிவசேனைக்காரர்கள் கோட்லா பிட்சைத் தோண்டிப் போட்டார்கள். மும்பையில் கிரிக்கெட் போர்டு ஆபீஸுக்குள் புகுந்து உடைத்தார்கள். டெல்லியையும் சென்னையையும் இடம் மாற்றினார்கள். இரண்டாவதாக நடந்த டெல்லி டெஸ்டில்தான் கும்ப்ளே 74 ரன்னுக்கு 10 விக்கெட் எடுத்தார். இந்தியாவில் பாகிஸ்தான் டெஸ்ட் ஆடியே 12 வருஷம் ஆகியிருந்தது. மைதானத்தைச் சுற்றி அவ்வளவு போலீஸ். அந்தச் சூழ்நிலையில் எழுந்து நின்று கைதட்டுவது அரசியல் இல்லாமல் வேறென்ன? பிட்ச் தோண்டியவர்களுக்கு ஒரு ஊர் சொன்ன பதில் அது. அக்ரம் அணிக்கு அது அவ்வளவு பெரிதாகப் பட்டதற்கும் அதுதான் காரணம். அதை வெறும் கிரிக்கெட் ரசனையாக நாம் சுருக்கும்போது, கைதட்டியவர்களின் தைரியத்தையும் சேர்த்துத்தான் சுருக்குகிறோம்.

ஒன்று கேட்டுப் பார்க்கலாம். மே மாதம் கார்கில் தொடங்கியது. அந்த டெஸ்ட் ஜூனில் நடந்திருந்தால் அதே கூட்டம் எழுந்து நின்றிருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று, இதைச் சொல்லத்தான் தயக்கம். பாகிஸ்தான் சென்னைக்குத் தொலைவு. பிரிவினையில் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடிவந்த தாத்தா நம் தெருக்களில் அதிகம் கிடையாது. அமிர்தசரஸில் ஒருவர் கைதட்டுவதும் திருவல்லிக்கேணியில் ஒருவர் கைதட்டுவதும் ஒரே விலை இல்லை. நம் பெருந்தன்மையைச் சோதிக்க வேண்டுமென்றால் நமக்கு வலிக்கிற இடத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனை 2013-ல் வந்தது.

அந்த வருஷம் பிப்ரவரியில் பாலச்சந்திரனின் படங்கள் வெளிவந்தன. 12 வயதுப் பையன், பதுங்கு குழியில் உட்கார்ந்து ஏதோ தின்கிற படம், அடுத்து மார்பில் குண்டோடு கிடக்கிற படம். மார்ச்சில் லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் ஆரம்பித்து, தமிழ்நாடு முழுக்கக் கல்லூரிகள் தெருவுக்கு வந்தன. முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார்: இலங்கை வீரர்கள், நடுவர்கள், ஊழியர்கள் இருந்தால் இங்கே ஐ.பி.எல். ஆட்டத்தை அனுமதிக்க முடியாது. மார்ச் 26-ல் ஐ.பி.எல். நிர்வாகம் இலங்கை வீரர்கள் யாரும் சென்னையில் ஆட மாட்டார்கள் என்று முடிவெடுத்தது.

சி.எஸ்.கே.யிலேயே குலசேகராவும் அகில தனஞ்சயவும் இருந்தார்கள். சன்ரைசர்ஸுக்குக் கேப்டனே சங்கக்காரா. சேப்பாக்கத்தில் அந்த அணி கேப்டன் இல்லாமல் ஆடியது. பெங்களூர் அணியில் முரளிதரன். அவர் தமிழர், சென்னையில் பெண் எடுத்தவர், 2010-ல் நாம் முதல் கோப்பை வாங்கியபோது மஞ்சள் சட்டையில் இருந்தவர். அவருக்கும் சேப்பாக்கம் கிடையாது. அவருடைய அரசியல் கருத்துகளோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அன்றைக்குத் தடை கருத்துக்குப் போடப்படவில்லை, பாஸ்போர்ட்டுக்குத்தான் போடப்பட்டது. 2012 செப்டம்பரில் கொழும்பிலிருந்து நட்பு ஆட்டத்துக்கு வந்த பள்ளிக் கால்பந்துப் பையன்களையே திருப்பி அனுப்பினோம். நேரு ஸ்டேடியத்தில் ஆட அனுமதித்த அதிகாரியை சஸ்பெண்ட் செய்தார்கள்.

"விளையாட்டில் அரசியல் வேண்டாம்" என்று அப்போது எத்தனை பேர் சொன்னோம்? நான் சொல்லவில்லை. சரிதான் என்று நினைத்தேன். இப்போதும் முழுக்கத் தப்பு என்று நினைக்கவில்லை, அதற்கு வருகிறேன். ஆனால் நான் உண்ணாவிரதமும் இருக்கவில்லை, டிக்கெட்டைக் கிழித்தும் போடவில்லை. ஏப்ரலில் சன்ரைசர்ஸ் மேட்சுக்கு வாலாஜா ரோட்டில் வரிசையில் நின்று உள்ளே போய் விசில் அடித்துவிட்டு வந்தேன். தோனி வழக்கம்போல் முடித்துக் கொடுத்தார். சங்கக்காரா இல்லை என்பது நாலு ஓவருக்கு மேல் ஞாபகத்தில் இல்லை.

ஐந்து வருஷம் தள்ளி 2018 ஏப்ரல் 10. சூதாட்ட விவகாரத்தில் இரண்டு வருஷத் தடை முடிந்து சி.எஸ்.கே. சென்னைக்குத் திரும்பிய முதல் ராத்திரி. காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட் கொடுத்த ஆறு வாரக் கெடு மார்ச் கடைசியில் முடிந்திருந்தது. மத்திய அரசு கர்நாடகத் தேர்தலைப் பார்த்துக்கொண்டு அசையவில்லை. அண்ணா சாலையில் மறியல், பாரதிராஜா, வெற்றிமாறன் எல்லாம் தெருவில். மைதானத்துக்குள் ஜடேஜா பக்கம் செருப்பு விழுந்தது. மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்ட்ரலிலிருந்து 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' கிளம்பியது.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. விளையாட்டில் ஏன் அரசியலைக் கலக்கிறார்கள் என்று ஆபீஸ் கேன்டீனில் பொங்கினேன். இரண்டு ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன் என்பதையும் குறிப்பிட வேண்டும். திருவாரூர்ப் பக்கத்து நண்பன் ஒருவன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து பல வருஷம் ஆகியிருந்த காலம் அது. "மாப்ள, உனக்கு நாலு மேட்ச் போச்சு. எங்களுக்கு வருஷா வருஷம் குறுவை போவுது. அதுக்கு ஒருநாளாச்சும் இப்படிப் பொங்கினியா?" என்றான். குரலை உயர்த்தக்கூட இல்லை. தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டான். இன்றைக்கு வரை பதில் சொல்லவில்லை.

செருப்பு வீசியது அசிங்கம்தான். ஜடேஜாவுக்கும் காவிரிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் என் கோபம் செருப்பின் மேல் இல்லை. செருப்பு விழாமல், அமைதியாகவே ஆட்டத்தை மாற்றியிருந்தாலும் அதே கோபம்தான் வந்திருக்கும்.

ஆக, அரசியல் கலக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. எப்போதும் கலந்துதான் இருக்கிறது. நான் பார்க்க ஆரம்பித்தது வேறொன்று: யார் கணக்கில் கழிக்கிறார்கள்? இதற்கு ஒரு பழைய உதாரணம் இதே ஊரிலிருந்து உண்டு. 1974-ல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. அரையிறுதியில் புனேவில் சோவியத் யூனியனைத் தோற்கடித்தார்கள். அணியில் நம் மெட்ராஸ் அமிர்தராஜ் சகோதரர்கள், விஜயும் ஆனந்தும். இறுதியில் எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசோடு ஆட மாட்டோம் என்று இந்தியா ஒதுங்கிக்கொண்டது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இந்தியா அந்தக் கோப்பையை இன்றுவரை வாங்கவில்லை. அந்தப் புறக்கணிப்பை யாரும் சின்னப் புத்தி என்று சொல்ல முடியாது, ஏனென்றால் இழந்தது நாம். ஆட வேண்டிய வயதில் இருந்த இரண்டு பையன்கள் தங்கள் வாழ்க்கையின் பெரிய ஆட்டத்தைக் கொடுத்தார்கள். அவர்களைக் கேட்டுக் கொடுத்தார்களா என்பது தனிக் கேள்வி.

2013-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு கொழும்பு அரசோடு எந்தக் கொண்டாட்டமும் வேண்டாம் என்று ஒரு சமூகம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கைதட்டுவது ஒரு பேச்சு என்றால் கைதட்ட மறுப்பதும் பேச்சுதான். ஆனால் நாம் என்ன மறுத்தோம்? அணியை வைத்துக்கொண்டோம், ஆட்டத்தை வைத்துக்கொண்டோம், இறுதி வரை போனோம். குலசேகராவை மட்டும் கழித்தோம். அதே குலசேகரா சென்னைக்கு வெளியே நம் மஞ்சள் சட்டையைப் போடத் தடை இல்லை. அதாவது எல்லை திருத்தணியில் முடிந்துவிட்டது. "எங்கள் ஊரில் இந்த வருஷம் ஐ.பி.எல்.லே வேண்டாம்" என்று நாம் சொல்லியிருந்தால் கொழும்பு கவனித்திருக்குமோ என்னவோ, நான் நம் மேல் மரியாதை வைத்திருப்பேன். மாணவர்களில் சிலர் அந்த அளவுக்குப் போகத் தயாராகத்தான் இருந்தார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் தயாராக இல்லை.

2020-ல் முரளிதரன் வாழ்க்கைப் படத்திலிருந்து எதிர்ப்பு காரணமாக விஜய் சேதுபதி விலகினார். அப்போதும் கழித்தது ஒரு நடிகரின் ஒரு படம். நம் கணக்கில் செலவு எதுவும் இல்லை.

பிறகு 2023 உலகக்கோப்பை. அக்டோபர் 14-ல் அகமதாபாத்தில் ரிஸ்வான் அவுட்டாகித் திரும்பும்போது கூட்டம் மத கோஷம் போட்டது. அடுத்த நிமிஷம் நம் ஆட்கள் 1999 வீடியோவைத் தூசி தட்டி எடுத்தார்கள். நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து சேப்பாக்கத்தில் ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை 8 விக்கெட்டில் தோற்கடித்து மைதானத்தைச் சுற்றி வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அழகான ராத்திரி. ஆனால் அதை வைத்து அகமதாபாத்துக்குப் பாடம் எடுக்கும் முன்னால் 2013 வீடியோவையும் கூடவே அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. அப்படி ஒரு வீடியோ இல்லை. உள்ளே விடாமல் நிறுத்தியதை யார் படம் எடுப்பார்கள்?

அன்றைக்கு ராத்திரி அக்கா வீட்டில்தான் மேட்ச் பார்த்தேன். ராஷித் கானோடு இர்ஃபான் பதான் ஆடிக்கொண்டிருந்தார். அக்கா பையன், இன்ஜினியரிங் முதல் வருஷம், திரும்பிப் பார்த்துக் கேட்டான். "மாமா, 99-ல நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"இல்லடா. ஹாஸ்டல்ல இருந்தேன். கடைசி மூணு விக்கெட் பாக்கவே இல்ல."

"அப்ப எந்த மேட்ச்சுக்குத்தான் போயிருக்கீங்க?"

"2013-ல ஒண்ணு" என்றேன். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டான். நாமதான் என்றேன்.