கோபமும் குணமும்

"கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்" என்று நம் வீடுகளில் ஒரு சமாதானம் சொல்வதுண்டு. "கத்துவாரே தவிர, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டார்" என்று அதற்கொரு சிபாரிசும் உண்டு. நம் இலக்கியம் இதை ஒப்புக்கொள்கிறதா என்று பார்ப்பதே என் நோக்கம்.

கோபம் என்றதும் நாம் சொல்லும் பெயர் கண்ணகி. மேடைகளில் அவளை அலறவைத்து, ஊரைக் கொளுத்தியவள் என்று முடித்துவிடுகிறோம். சிலப்பதிகாரத்தை வரிசையாகப் படித்தால் வேறொரு பெண் தெரிகிறாள். தீர்ப்புச் சொன்ன அரசனிடமே நேராகப் போகிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தங்களுடையது முத்து என்கிறான் பாண்டியன். உடைத்துக் காட்டுகிறாள். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. பின்னர் மதுரையை எரிக்கும்போதும் முதியோர், குழந்தைகள், பசுக்கள் உள்ளிட்டோரை விலக்கித் தீயோர் பக்கம் மட்டும் சேரும்படி தீக்கடவுளுக்குச் சொல்கிறாள். ஊரை எரித்தது நியாயமா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் கண்மண் தெரியாத கோபம் என்று மட்டும் சொல்ல முடியாது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் வெகுளிக்கு நான்கே காரணம் சொல்கிறது: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், வைதும் அடித்தும் அலைத்தல், கொல்லுதல். நான்குமே பிறர் இழைக்கும் கொடுமைகள். காபியில் சர்க்கரை கம்மி என்பது இந்தப் பட்டியலில் இல்லை!

இனி நம் கதைக்கு வருவோம். பிழைக்க வந்த ஊர், பாஷையும் அரைகுறை. ஆபீஸில் மேலதிகாரி என்ன சொன்னாலும் விழுங்கிக்கொள்கிறோம். அதைப் பொறுமை என்கிறோம். சாயங்காலம் வீட்டில் டம்ளர் பறக்கிறது. வள்ளுவர் இந்த ஆளை நன்றாகவே அறிந்திருக்கிறார். வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறள் (301), சினம் பலிக்கும் இடத்தில் அடக்குகிறவனே சினம் காப்பவன் என்கிறது. பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று கேட்டும் விடுகிறது. அதிகாரி முன் அடங்குவது அவர் கணக்கில் பொறுமையே அல்ல. நம் கோபம் செல்லும் இடம் மனைவியும் பிள்ளைகளும்தான். சோதனையும் அங்கேதான்.

கண்ணகியின் கோபம் தன்னைவிட வலியவனை நோக்கி, கையில் சான்றோடு மேலே போனது. நம்முடையது எளியவர் மேல் இறங்குகிறது. இதற்குக் குணம் என்று பெயர் வைத்து அடுத்த தலைமுறைக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.