குளிருக்குள் ஒரு சுருள்

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் டெல்ஃப்ட். அதே பெயருள்ள ஒல்லாந்து நகரில் 1882 வரை வேலை பார்த்த கமர்லிங் ஒன்னஸ், பின்பு லைடனில் 1908இல் ஹீலியத்தைத் திரவமாக்கினார். 1911இல், கடுங்குளிரில் பாதரசம் மின்தடையை அறவே இழப்பதைக் கண்டார். அந்த மீகடத்தல்தான் ஆய்வுகூட மீகடத்திக் காந்தங்களின் பூர்வீகம்.

எனக்குப் பிடித்தது அந்தக் காந்தத்தின் சுருள். செப்புக்குள் தலைமுடியிலும் மெல்லிய நியோபியம்-டைட்டானிய இழைகள் பதித்த கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் நெருக்கிச் சுற்றி, இடுக்கெல்லாம் எப்பொக்சிப் பசை ஊட்டி இறுக்குவார்கள். ஒரு சுற்று இம்மியளவு நகர்ந்தாலும் போச்சு: உரசற் சூட்டில் மீகடத்தல் அறுந்து, சுருளைக் குளிரவைக்கும் திரவ ஹீலியம் கொதித்துச் சீறிக் கிளம்பும். அந்த வேளையில் மின்னோட்டத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் செம்பு.

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளைக் காணும்போதெல்லாம் இந்தக் காந்தத்தின் கூடு நினைவுக்கு வரும். மீனுக்கு ஒரு றெஜிபோம் பெட்டி போதும். இங்கே வேண்டியது மைனஸ் 269 பாகை. அதனால் பெட்டிக்குள் பெட்டி, நடுவே வெற்றிடம், அதற்குள் வெள்ளிபோல் மினுங்கும் தாள் அடுக்குகள். மின்னேற்றியபின் சுருளின் இரு முனைகளையும் மீகடத்தியாலேயே இணைத்துவிட்டு வெளிவயரைக் கழற்றலாம். மின்னோட்டம் உள்ளே வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.